பாகு ஏற்றுமுன் பாத்திரத்தைப் பாருங்கள்

கோடை பிறந்துவிட்டால் பசுந்தீவனம் குறைந்துவிடும். கறவை மாடு வைத்திருப்போர் வைக்கோலையும் சோளத்தட்டையையும் நம்பித்தான் காலம் தள்ள வேண்டும். காய்ந்த தட்டையை மாடு விரும்பித் தின்பதில்லை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்து அதன்மீது தெளித்துக் கொடுத்தால் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். இந்தப் பாகின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைச் சத்து. மாட்டுக்கு விரைவில் தெம்பு தரக்கூடியது. வீட்டிலேயே அடர்தீவனம் கலப்பவர்களும் 100 கிலோ கலவைக்கு 10 கிலோ வரை பாகு சேர்ப்பதுண்டு.

ஆலைக்காரர்கள் 'மொலாசஸ்' என்று சொல்லும் இந்தப் பாகை மாட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அது ஆலையிலிருந்து நம் தொழுவம் வரை எந்தக் கலத்தில், எந்தக் குழாய் வழியாக வந்து சேருகிறது என்பதைக் கவனிப்போர் மிகச் சிலரே. பாகு முதல்தரமானதாக இருக்கலாம். ஏற்றிய பீப்பாயில் முன்பு பூச்சிமருந்து இருந்திருந்தால் அந்தப் பாகு விஷம்தான். எனவே திரவத் தீவனம் வாங்குவோர் தீவனத்தைச் சோதிப்பதற்கு முன் அதை ஏற்றும் கலத்தைச் சோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. கால் மணி நேரக் கவனம் போதும்.

மூட்டைத் தீவனம் வேறு, திரவத் தீவனம் வேறு

பிண்ணாக்கு மூட்டைகள் 10 வாங்கி ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தால், அந்த ஒரு மூட்டையைத் தள்ளிவைத்துவிடலாம். மற்ற 9 மூட்டைகளுக்குக் கேடில்லை. திரவத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. அடியில் கிடந்த ஒரு லிட்டர் அழுக்கு, வண்டி ஊர் வந்து சேருவதற்குள் முழுச் சுமையிலும் பரவிவிடக்கூடும்.

மேலும் பாகு கறுப்பு நிறம், கெட்டித் தன்மை, கடுமையான இனிப்பு வாசனை ஆகிய மூன்றும் கொண்டது. பழைய என்ஜின் ஆயிலும் கறுப்பு. டீசல் நாற்றத்தைப் பாகின் வாசனை அமுக்கிவிடும். பாலில் தண்ணீர் கலந்தால் நாக்குக்குத் தெரியும். பாகில் எது கலந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாடும் இனிப்புக்கு ஆசைப்பட்டுக் குடித்துவிடும்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பாகு தண்ணீரைவிடக் கனமானது. 1 லிட்டர் பாகு சுமார் 1.4 கிலோ நிற்கும். 200 லிட்டர் பீப்பாய் நிறைய ஊற்றினால் சுமார் 280 கிலோ. 10 டன் ஏற்றிய டாங்கர் லாரியில் ஏறக்குறைய 7,000 லிட்டர் இருக்கும். மாடு ஒன்றுக்கு நாளைக்கு அரைக் கிலோ வீதம் கொடுத்தால், அந்த 10 டன் 200 மாடுகளுக்கு 100 நாட்கள் வரும். அதாவது ஒரு லாரியில் நேர்ந்த தவறு ஊரிலுள்ள 200 மாடுகளின் வயிற்றுக்குள் 100 நாட்கள் தொடர்ந்து போகும். அந்த மாடுகளின் பால்தான் சங்கத்துக்கும் நம் வீட்டுக் குழந்தைக்கும் போகிறது.

பிற நாடுகள் கற்ற பாடம்

இது வீண் பயமன்று. 1937-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சுமார் 60 பேர் நரம்பு பாதித்து முடங்கினார்கள். அவர்கள் உண்டது சமையல் எண்ணெய்தான். ஆனால் அந்த எண்ணெயை ஊற்றி வைத்திருந்த பீப்பாய்களில் முன்பு எந்திரங்களுக்கான மசகு எண்ணெய் இருந்தது. எண்ணெயில் குறையில்லை. பீப்பாயில்தான் குறை.

1999 ஜனவரி மாதம் பெல்ஜியம் நாட்டில், கால்நடைத் தீவனத்துக்காகச் சேகரித்த பழைய கொழுப்பில் மின்சார டிரான்ஸ்பார்மரில் பயன்படும் ஒருவகை எண்ணெய் கலந்துவிட்டது. அதில் பி.சி.பி. என்னும் நச்சும், அதைவிடக் கொடிய டயாக்சின் என்னும் நச்சும் இருந்தன. அந்தக் கொழுப்பைச் சேர்த்துத் தயாரித்த தீவனம் சுமார் 500 டன். அதில் கலந்திருந்த பி.சி.பி. சுமார் 50 கிலோ. அதாவது 1 டன் தீவனத்தில் 100 கிராம் மட்டுமே. அதற்கே கோழிகள் முட்டையிடுவது குறைந்தது. அடைவைத்த முட்டைகள் பொரிக்கவில்லை. பொரித்த குஞ்சுகளும் நீர்கோத்துச் செத்தன. செய்தி நாட்டு மக்களுக்கு வெளிப்பட்டது மே மாதக் கடைசியில்தான். இடைப்பட்ட 4 மாதங்களில் தீவனம் கோழியாகவும் முட்டையாகவும் மாறிப் பல வீட்டு அடுப்படிகளுக்குப் போய்விட்டது. பல லட்சம் கோழிகளை அழிக்க நேர்ந்தது. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள்.

2002-ல் நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைகளில் சினை பிடிக்காத தொல்லை ஏற்பட்டது. காரணத்தைத் தேடிப் போனபோது தீவனத்தில் சேர்த்த சர்க்கரைப் பாகில் வந்து நின்றது. மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் மாத்திரைகளுக்குச் சர்க்கரை பூசும் வேலையில் கழிவாக வந்த பாகு, தீவனப் பாகோடு சேர்க்கப்பட்டிருந்தது. அதில் கருத்தடை மாத்திரைகளில் உள்ளதைப் போன்ற ஹார்மோன் மருந்து கலந்திருந்தது.

2010 டிசம்பரில் ஜெர்மனியில், தொழிற்சாலை உபயோகத்துக்கு மட்டும் என்று வைத்திருந்த கொழுப்பமிலம் தீவனக் கொழுப்போடு கலந்துவிட்டது. அதனால் 2011 ஜனவரியில் 4,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளிலிருந்து பாலும் முட்டையும் இறைச்சியும் வெளியே போகாதபடி தடை விதிக்கப்பட்டது. பெரும்பாலான பண்ணையாளர்கள் எந்தத் தவறும் செய்யாதவர்கள். தீவனம் வாங்கியது ஒன்றே அவர்கள் செய்தது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, நெதர்லாந்தில் தொடங்கிப் பல நாடுகளில் நடைமுறையில் உள்ள 'ஜி.எம்.பி. பிளஸ்' என்னும் தீவனப் பாதுகாப்பு முறையில், தீவனம் ஏற்றும் வண்டி அதற்கு முன் ஏற்றிய 3 சுமைகள் என்னென்ன என்பதை எழுதிக் காட்டவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். முன் ஏற்றிய சுமையைப் பொறுத்து உலர்ந்த சுத்தம், தண்ணீர்க் கழுவல், சோப்புக் கழுவல், கிருமி நீக்கம் என நான்கு படிகளில் ஒன்றைச் செய்தாக வேண்டும். சில சுமைகளை ஏற்றிய வண்டி, தனி அனுமதியின்றித் தீவனத்துக்கு மீண்டும் வரவே கூடாது. நம் ஊரில் பாகு வாங்கும் சிறு விவசாயியும் இதே முறையைத் தன் அளவுக்குக் கடைப்பிடிக்க முடியும்.

முதல் கேள்வி

ஆலையிலோ வியாபாரியிடமோ விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இதற்கு முன் இதில் என்ன இருந்தது?" என்பதே அது. டாங்கர் லாரியானால் கடைசி 3 சுமைகளைக் கேட்க வேண்டும். பீப்பாயானால் அது முதலில் எந்தச் சரக்கோடு வந்தது என்று கேட்க வேண்டும்.

"நல்லாக் கழுவியாச்சுங்க" என்று பதில் வரும். நாம் கேட்டது கழுவியதைப் பற்றியன்று. "கழுவினது சரிங்க அண்ணே, கழுவுறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று மறுபடி கேளுங்கள். "ஏதோ ஆயில் இருந்துச்சு", "ஏதோ கெமிக்கல்" என்று பதில் வந்தால் அந்தக் கலத்தை விட்டுவிடுங்கள். தெரியாத சுமையை விஷச் சுமையாகவே கருத வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் மொலாசஸ் மதுவிலக்குச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அதை வாங்கவும், இருப்பு வைக்கவும், கொண்டு செல்லவும் அனுமதி வேண்டும். எனவே உரிமம் உள்ள இடத்தில், ரசீதோடு வாங்குவதே முறை. ரசீதில்லாமல் இரவில் வந்து இறங்கும் பாகு எங்கிருந்து வந்தது, எதில் வந்தது என்று யாரிடமும் கேட்க முடியாது.

ஒருபோதும் ஆகாத கலங்கள்

கீழ்க்கண்டவை இருந்த கலங்களை எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

1. பூச்சிமருந்து, களைக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி இருந்த கலங்கள். பிளாஸ்டிக் கேனின் சுவரே மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். மும்முறை அலசினாலும் பிறகு பாகை ஊற்றும்போது சிறிது சிறிதாகக் கசிந்து வரும். காலிக் கலன்களை மறுபடி பயன்படுத்தாமல் அழித்துவிட வேண்டும் என்பதே 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் நோக்கமும்.

2. பழைய என்ஜின் ஆயில், டிரான்ஸ்பார்மர் ஆயில், கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் இருந்தவை. பழைய என்ஜின் ஆயிலில் ஈயம் முதலிய உலோகங்கள் கரைந்திருக்கக்கூடும். ஈயத்தால் மாட்டுக்குக் கண் தெரியாமல் போகும், உயிரும் போகும்.

3. பெயின்ட், தின்னர், சாயம், தோல் பதனிடும் மருந்து, அமிலம், பாட்டரித் தண்ணீர் இருந்தவை.

4. மர மருந்து, கரையான் மருந்து, தார் முதலியவை இருந்தவை.

லேபிள் உரிக்கப்பட்ட பீப்பாயையும், புதிதாக வெளிப்பூச்சுப் பூசிய பழைய பீப்பாயையும் வாங்காதீர்கள். பழைய அடையாளத்தை மறைக்கவே பெரும்பாலும் அவ்வாறு செய்கிறார்கள். சமையல் எண்ணெய், பழக்கூழ், சர்க்கரைப் பாகு ஆகியவை வந்த பீப்பாய்கள், முதல் லேபிள் சிதையாமல் இருந்தால் தேர்ந்தெடுக்கலாம். உள்ளே துருவேறி உதிர்ந்தால் வேண்டாம். துத்தநாகம் பூசிய கலத்தில் பாகை நெடுநாள் வைக்க வேண்டாம். பாகுக்குப் புளிப்புத் தன்மை உண்டு. அது புளிக்கப் புளிக்கத் துத்தநாகம் அதில் கரையும்.

நல்ல பீப்பாய் கிடைத்ததும் அதன் வெளிப்புறத்தில் 'தீவனத்துக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அறுவடைக் காலத்தில் வேலையாட்கள் அவசரத்துக்கு அதில் மருந்து கரைத்துவிடாமல் இருக்க இது ஒன்றே காவல்.

கழுவுவதும் காயவைப்பதும்

முன் இருந்ததும் பாகாகவே இருந்தால், கொதிக்கும் நீர் விட்டு உருட்டிக் கழுவி, நல்ல தண்ணீரில் இருமுறை அலசினால் போதும். சமையல் எண்ணெய் இருந்தால் வெறும் வெந்நீர் போதாது. 100 லிட்டர் வெந்நீருக்கு 1 கிலோ சலவை சோடா கரைத்துக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் சலவை சோடாவைப் பயன்படுத்தக் கூடாது. அது அலுமினியத்தை அரித்துவிடும்.

கழுவியபின் காயவைப்பது கழுவுவதைவிட முக்கியம். கெட்டியான பாகில் கிருமிகள் வளர முடியாது. அதில் சர்க்கரை அவ்வளவு அடர்ந்திருக்கிறது. ஆனால் அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் தங்கியிருந்தால், அது தொட்ட இடத்தில் பாகு நீர்த்துப் புளிக்கத் தொடங்கும். நுரை கட்டும், மூடி உப்பும், சாராய நெடி வீசும். எனவே பீப்பாயை வாய் கீழாகச் சாய்த்து ஒரு பகல் முழுதும் வெயிலில் காயவிட வேண்டும். டாங்கரானால் அடிவால்வைத் திறந்துவிட்டு, கடைசிச் சொட்டும் வடிந்ததைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

கழுவிய தண்ணீரைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். எருக்குழியில் ஊற்றலாம்.

குழாயும் பம்பும்

கலத்தைக் கழுவியவர்களும் குழாயை மறந்துவிடுகிறார்கள். 10 அடி ரப்பர் குழாய்க்குள் முந்தைய சுமையில் பல லிட்டர் தங்கியிருக்கும். வால்வின் கழுத்திலும், பம்பின் வயிற்றிலும், மூடியின் வாஷரிலும் அழுக்கு ஒளிந்திருக்கும். வெள்ளைத் துணியை ஒரு குச்சியில் சுற்றிக் குழாயின் வாயிலும் வால்வின் உள்ளும் துடைத்துப் பாருங்கள். பாகின் பழுப்புக் கறை தண்ணீரில் அலசினால் போய்விடும். எண்ணெய்க் கறை போகாது. போகாத கறை கண்டால் அந்தக் குழாயை மாற்றச் சொல்லுங்கள்.

டீசல் இறைக்கும் கைப்பம்பையும் மருந்து தெளிக்கும் பம்பையும் பாகுக்குப் பயன்படுத்தலாகாது. வேலை முடிந்ததும் குழாயின் இரு முனைகளையும் மூடிபோட்டு ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். தரையில் போட்டுவைத்த குழாயில் பல்லியும் எலியும் குடியேறும். மறுமுறை பம்பு போட்டதும் அவை பாகோடு வந்து விழும்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

மழை பெய்யும்போது ஏற்றாதீர்கள். மூடியைத் திறந்து வைத்திருக்கும் அரை மணி நேரத்தில் விழும் மழைநீர், பாகின் மேலே மிதந்து அங்கேயே புளிப்பைத் தொடங்கிவிடும். காற்றில் புழுதி பறக்கும் இடத்திலும் ஏற்ற வேண்டாம்.

வாயில் சுத்தமான கம்பி வலையைப் பொருத்துங்கள். ஏற்றுபவர் சட்டைப்பையில் பேனா, பீடிக்கட்டு, சாவி எதுவும் இருக்கக் கூடாது. குனியும்போது அவை உள்ளே விழும். கம்பித் துண்டோ ஆணியோ மாட்டின் வயிற்றுக்குள் போனால் அது குத்தி இதயம் வரை செல்லக்கூடும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவர்.

குளிர்காலத்தில் பாகு கெட்டியாகிக் குழாயில் வராது. அதற்காகத் தண்ணீர் ஊற்றி இளக்குவது தவறு. பீப்பாய்க்கு அடியில் நெருப்பு மூட்டுவது அதைவிடத் தவறு. அடிப்பகுதி கருகிச் சத்து கெடும். அளவுமீறிச் சூடேறிய பாகு தானாகவே பொங்கவும் கூடும். பாகின் சூடு 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக் கூடாது. பீப்பாயை வெயிலில் சில மணி நேரம் வைத்தாலே போதுமான அளவு இளகும்.

யூரியா கலந்த பாகு ஏற்றிய கலத்தில் வெறும் பாகை ஏற்றுவதானால் நன்றாகக் கழுவியாக வேண்டும். யூரியா கலந்த பாகு 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், குதிரைக்கும், பன்றிக்கும், கோழிக்கும் ஆகாது. பழக்கமில்லாத பெரிய மாட்டுக்கும் திடீரென்று அதிகம் போனால் உயிருக்கு ஆபத்து.

மாதிரி எடுத்து வையுங்கள்

இதுதான் சிறு விவசாயிக்குக் கிடைக்கும் மலிவான காப்பீடு. ஏற்றத் தொடங்கியதும் கொஞ்சம், பாதியில் கொஞ்சம், முடியும்போது கொஞ்சம் என்று மூன்று முறை பிடித்து ஒன்றாகக் கலக்கி, காய்ந்த சுத்தமான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றுங்கள். மூடி போட்டுத் தேதி, வண்டி எண், ஆலை அல்லது வியாபாரி பெயர் எழுதி ஒட்டுங்கள். இரு தரப்பாரும் அதன்மேல் கையெழுத்திட வேண்டும். ஒரு புட்டி விற்றவரிடம், மற்றது வாங்கியவரிடம். பாகு தீர்ந்து ஒரு மாதம் ஆகும்வரை அதை நிழலில் பத்திரமாக வையுங்கள். நாளை வழக்கு வந்தால் ஆளுக்கொரு பேச்சு வரும். புட்டியில் உள்ள பாகு மட்டும் பேச்சு மாறாது.

அங்கேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் 10 பங்கு சுத்தமான தண்ணீருக்கு 1 பங்கு பாகு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. அடியில் மணல் அதிகம் தங்கினால் மண் கலந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தால் டீசல் நெடியும் இப்போது தெரியும். ஆனால் இந்தச் சோதனையில் பூச்சிமருந்தோ ஈயமோ தெரியாது. டம்ளர் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக "இதற்கு முன் என்ன இருந்தது?" என்னும் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

இறக்கும்போது

வண்டி ஊருக்கு வந்ததும், ஏற்றும்போது போட்ட முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயிலிருந்து வரும் முதல் சில லிட்டரைத் தனி வாளியில் பிடித்து ஒதுக்கிவிடுங்கள். புதுப் பாகைப் பழைய பாகின்மேல் ஊற்றாதீர்கள். பழையதில் குறை இருந்தால் புதியதும் கெடும். புதியதில் குறை இருந்தால் பழையதும் போகும்.

பலர் சேர்ந்து ஒரு லாரி வாங்கினால், யார் யார் எத்தனை பீப்பாய் எடுத்துச் சென்றார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். ஒரு வீட்டு மாடு நோய்ப்பட்டால் மற்ற வீடுகளுக்கு அரை மணி நேரத்தில் சொல்லியனுப்பலாம். வண்டிச் சீட்டில் பின்வரும் விவரங்கள் இருக்கட்டும்: தேதி, வண்டி எண், கடைசி 3 சுமைகள், எப்படிக் கழுவியது, குழாயைச் சோதித்தவர் பெயர், ஏற்றிய அளவு, முத்திரை எண், மாதிரிப் புட்டிகள் எத்தனை, இரு தரப்புக் கையெழுத்து.

கோழிக்கு எண்ணெய் வாங்குவோருக்கு

கோழித் தீவனத்தில் தவிட்டு எண்ணெயோ சோயா எண்ணெயோ சேர்ப்பவர்களுக்கும் மேற்சொன்ன யாவும் பொருந்தும். கூடுதலாக மூன்று செய்திகள். எண்ணெய்க்குச் செம்பு, பித்தளை வால்வுகள் ஆகா. செம்பு பட்டால் எண்ணெய் விரைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். தண்ணீரும் வெளிச்சமும் எண்ணெய்க்குப் பகை. ஓட்டல்களில் பலமுறை காய்ச்சிய கழிவு எண்ணெயை, எங்கெங்கோ சேகரித்து வருபவரிடம் மலிவு என்று வாங்காதீர்கள். பெல்ஜியத்தில் நேர்ந்த கேடு அப்படிச் சேகரித்த கொழுப்பிலிருந்துதான் தொடங்கியது.

தொட்டிக்குள் இறங்காதீர்கள்

கலத்தைச் சுத்தம் செய்யும் ஆர்வத்தில் உயிரை விட்டுவிடக் கூடாது. புளித்த பாகிலிருந்து கரியமில வாயு வெளிப்படும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலேயே தங்கும். நிறமும் இல்லை. பாகின் வாசனையில் ஆபத்தும் தெரியாது. உள்ளே இறங்கியவர் இரண்டொரு மூச்சில் மயங்கி விழக்கூடும். அவரைத் தூக்க இறங்கும் அண்ணன் தம்பியும் அங்கேயே விழுவார்கள். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கி இறந்தவர்களின் கதை நம் ஊர்களில் தெரியாததன்று. இதுவும் அதே கதைதான்.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். விளக்கு அணையாமல் எரியும் இடத்திலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு வாயு இருக்கக்கூடும். எண்ணெய்த் தொட்டியில் விளக்கே நெருப்பு வைத்துவிடும். டாங்கரையும் நிலத்தடித் தொட்டியையும் மேலிருந்தே நீண்ட தூரிகையாலும் தண்ணீர்க் குழாயாலும் கழுவுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் 101 எண்ணில் தீயணைப்புப் படையினரை அழையுங்கள்.

தீங்கு நேர்ந்துவிட்டால்

பாகு கொடுத்த மாட்டுக்கு எச்சில் ஒழுகுதல், தசை நடுக்கம், கழிச்சல், மூச்சுத் திணறல் கண்டால் பூச்சிமருந்து என்று ஐயுற வேண்டும். பல்லைக் கடித்தல், கண் தெரியாமல் சுவரில் முட்டுதல் ஈயத்தின் அறிகுறிகள். டீசல், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மாடு தீவனத்தை வெறுக்கும், வயிறு உப்பும், மூச்சில் நெடி வரும்.

உடனே அந்தப் பாகை எல்லா மாடுகளுக்கும் நிறுத்துங்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். நடுங்கும் மாட்டுக்கு மூங்கில் குழாயால் எண்ணெயோ மோரோ புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். மாதிரிப் புட்டியையும் வண்டிச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் ஏற்ற மாற்று மருந்து கொடுக்க முடியும்.

மருத்துவர் சொல்லும்வரை அந்த மாட்டின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. வீட்டிலும் காய்ச்சக் கூடாது. பி.சி.பி., டயாக்சின் போன்ற நச்சுகள் மாட்டுக்கு நோயே காட்டாமல் பாலின் வெண்ணெய்ச் சத்தில் ஏறிவிடும். காய்ச்சினாலும் போகாது. ஒரு வேளைப் பாலைக் கொட்டுவது வருத்தம்தான். சங்கத்தின் மொத்தப் பாலையும் கெடுத்தோம் என்ற பழி அதைவிடப் பெரிது.

கலத்தைத் திருப்பியனுப்பினால் ஒரு நாள் வேலை கெடும். வண்டிக்காரர் முகம் சுளிப்பார். ஆயினும் பாகு உள்ளே போவதற்கு முன்புவரைதான் மறுக்கும் உரிமை நம் கையில் இருக்கிறது. போனபின் அதைப் பிரித்தெடுக்க எந்த வழியும் இல்லை. எனவே கறவை மாடு வளர்ப்போர் அடுத்த முறை பாகு வாங்கப் போகும்போது ஒரு வெள்ளைத் துணி, இரண்டு கண்ணாடிப் புட்டிகள், ஒரு நோட்டு ஆகிய மூன்றையும் மறவாமல் எடுத்துச் செல்வது நலம்.